ஊதிப் போட்ட கேசட்டுகள்

எங்கள் வீட்டு டிவி கேமுக்கு ஏழு கேசட் இருந்தன. அதில் ஒன்று மட்டும் எப்போது சொருகினாலும் முதல் தடவையிலேயே ஓடும். மேலே மஞ்சள் எழுத்தில் 9999999 இன் 1 என்று போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் ஏழெட்டு ஆட்டத்துக்கு மேல் தேறாது. அதையே வேகத்தை மாற்றி, நிறத்தை மாற்றித் திருப்பித் திருப்பிக் கொடுத்திருப்பான். மற்ற ஆறையும் ஊத வேண்டும், தட்ட வேண்டும், ஓரத்தை அமுக்கிப் பிடிக்க வேண்டும். அதனால் அந்த ஒன்றுதான் நல்ல கேசட், மீதி ஆறும் மட்டமான சரக்கு என்று இருபத்தைந்து வருடத்துக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தேன். போன வருடம் மெஷினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அந்த ஆறையும் ஓடவிடாமல் செய்ததே அந்த நல்ல கேசட்தான்.

மெஷின் 1996இல் தூத்துக்குடிக்கு வந்தது. மாமா கப்பலில் வேலை பார்த்தார். சிங்கப்பூரில் இறங்கியபோது வாங்கி வந்தார். ஜப்பானில் நிண்டெண்டோ கம்பெனி 1983 ஜூலையில் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற கேம் மெஷின்தான் அதன் மூலம். எங்கள் கைக்கு வந்தது அதன் நகல். 90களில் நம்மூர் வீடுகளில் இருந்த டிவி கேம்களில் பெரும்பாலானவை இந்த மாதிரி நகல்கள்தான். நகல் என்றாலும் கேசட் சொருகும் வாய் அசலின் அளவேதான்: ஒரு பக்கத்துக்கு 30 வீதம் 60 பின்.

உப்பளம் சூழ்ந்த ஊர். சைக்கிள் செயின் ஒரு மழைக்காலம் தாங்காது. அந்தக் காற்றில் கேசட் அடியில் இருக்கும் செம்புப் பட்டைகள் என்ன கதிக்கு ஆளாகும் என்று யோசிக்கிற வயதா அது? ஓடவில்லை என்றால் ஊதுவோம். அப்போதும் ஓடவில்லை என்றால் தம்பி ஊதுவான். அவன் ஊதினால் ஓடும் என்று தெருவில் ஒரு பெயரே இருந்தது.

ஒரு தடவை எதுவுமே எடுபடவில்லை. மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு ரேடியோ டிவி ரிப்பேர் கடை அண்ணாச்சியிடம் போனேன்.

“ஓட மாட்டேங்கு அண்ணாச்சி.”

“ஓடலைன்னா? திரை கறுப்பா இருக்கா, சாம்பக் கலரா இருக்கா, கோடு கோடா வருதா? பாட்டு கேக்கா?”

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஓடவில்லை, அவ்வளவுதான்.

“போய் நல்லா பாத்துட்டு வால. அதுக்கப்புறம் தொறப்போம்.”

மெஷினைக் கையால்கூடத் தொடாமல் திருப்பி அனுப்பிவிட்டார். எனக்குப் பயங்கரக் கோபம். வீட்டுக்கு வந்து ஊத ஆரம்பித்தோம், எப்படியோ ஓடியது, அண்ணாச்சியை மறந்துவிட்டேன். அவர் கேட்ட கேள்வியின் அருமை எனக்கு இப்போதுதான் தெரிகிறது. கேசட் லூஸ் காண்டாக்ட் என்றால் எந்த இடத்தில் லூஸ் என்பதைப் பாதிக்கு மேல் டிவித் திரையே சொல்லிவிடுகிறது.

எப்படி என்று சொல்கிறேன். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மீதியெல்லாம் வெறும் கைவேலை.

கேசட்டுக்குள் இரண்டு விதமான நினைவகம் இருக்கும். ஒன்றில் ஆட்டத்தின் புரோகிராம். இன்னொன்றில் படங்கள், அதாவது மரியோவின் தொப்பி, செங்கல், மேகம், எழுத்து எல்லாம் சின்னச் சின்னக் கட்டங்களாக. மெஷினுக்குள்ளும் அதேபோல் இரண்டு பேர்: புரோகிராமைப் படிக்கும் பிராசஸர் ஒன்று, படத்தைப் படித்துத் திரையில் வரையும் சிப் ஒன்று. இரண்டும் தனித்தனி வழியாகக் கேசட்டோடு பேசுகின்றன. 60 பின் வாயில் ஒரு பாதி முழுக்கப் பிராசஸருக்கு, மறு பாதி முழுக்கப் படத்துக்கு. நடுவில் சத்தத்துக்கு இரண்டு பின்: 45, 46.

ஆக, திரை ஒரே நிறமாக அப்படியே நின்றால், சத்தமும் இல்லை என்றால், புரோகிராம் பாதியில் கோளாறு, அல்லது கரன்ட் வரும் பின்னில். ஒரு பின் விட்டாலும் பிராசஸர் தப்பான கட்டளையைப் படித்து முட்டிக்கொண்டு நின்றுவிடும்; அதனால் அரைகுறையாக ஓடுவது என்பது இங்கே அபூர்வம். பாட்டு ஒழுங்காகக் கேட்கிறது, ஸ்டார்ட் அமுக்கினால் ஆட்டமும் ஆரம்பிக்கிறது, ஆனால் மரியோ இருக்க வேண்டிய இடத்தில் எழுத்துக் குப்பை ஓடுகிறது என்றால் புரோகிராம் பாதி நன்றாக இருக்கிறது. படப் பாதியில்தான் ஏதோ ஒட்டவில்லை.

அதற்குள்ளும் நுணுக்கம் உண்டு. படம் 8 புள்ளிக்கு 8 புள்ளி கட்டங்களாக வருகிறது. ஒவ்வொரு வரிசையின் எட்டுப் புள்ளிகளும் எட்டு டேட்டா கம்பிகளில் ஒன்றாக வருகின்றன. அதில் ஒரு கம்பி விட்டால் எல்லாக் கட்டத்திலும் அதே இடத்துப் புள்ளி கெட்டுப்போகும். திரை முழுக்கச் சீப்பால் வாரிய மாதிரி ஒரே இடைவெளியில் நெட்டுக் கோடு விழும். வடிவம் ஏறக்குறைய தெரிகிறது, ஆனால் நான்கு நிறம் வர வேண்டிய இடத்தில் இரண்டே நிறம் என்றால் அது முகவரிக் கம்பிகளில் ஒன்று, அதாவது நினைவகத்தில் எந்த இடத்தைப் படிக்க வேண்டும் என்று சொல்லும் கம்பி. கட்டமே மாறி, செங்கல் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து வந்தால் அதுவும் முகவரிக் கம்பிதான், வேறொன்று. படம் சுத்தமாக இருக்கிறது, ஆனால் சத்தமே இல்லையா? 45, 46. ஃபேமிகாமில் சத்தம் மெஷினிலிருந்து கேசட்டுக்குள் போய்த் திரும்பி வரும். கேசட்டுக்குள் கூடுதல் சவுண்ட் சிப் வைத்துக் கலக்கலாம் என்பதற்காக அப்படி வைத்தார்கள். சாதாரணக் கேசட்டில் இரண்டையும் போர்டிலேயே ஒரு சின்னச் செம்புத் தடத்தால் இணைத்திருப்பார்கள், அவ்வளவே. அந்த இரண்டு பட்டையில் ஒன்று ஒட்டாவிட்டால் ஊமைப் படம்.

சின்ன வயதில் “இந்த ஓரத்தை அமுக்கினா படம் சரியாவும்” என்று கண்டுபிடித்து வைத்திருந்தோமே, அது மூடநம்பிக்கை இல்லை. படப் பாதி இருக்கிற ஓரம் அது.

ஊதுவதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கேசட் ஓடியது ஊதியதால் இல்லை. ஊதுவதற்காகக் கேசட்டை வெளியே எடுத்துத் திரும்பச் சொருகினோமே, அதனால்தான் ஓடியது. சொருகும்போது பின்கள் பட்டைமேல் உரசிக்கொண்டு இறங்கும். படிந்திருக்கும் கறை கொஞ்சம் வழிக்கப்பட்டு, வேறொரு புள்ளியில் உலோகம் உலோகத்தைத் தொடும். ஊதாமல் வெறுமனே மூன்று நான்கு தடவை எடுத்துப் போட்டுப் பார்த்தேன், அதே பலன்தான். ஊதுவதால் வந்தது எச்சில் ஈரம் மட்டும். கேசட்டுக்குள் ஊதாதீர்கள், ஈரத்தில் பின் அரித்துப்போகும் என்று நிண்டெண்டோ கம்பெனியே எச்சரித்திருக்கிறது. எங்கள் ஆறு கேசட்டைத் திறந்து பார்த்தபோது, அதிகமாக ஊதப்பட்ட டேங்க் கேசட்டில்தான் பட்டை ஓரமெல்லாம் பச்சை பூத்திருந்தது. தம்பிக்கு போட்டோ எடுத்து அனுப்பினேன். பதில் வரவில்லை.

கேசட்டைத் திறக்க எங்கள் நகல்களுக்கு ஸ்க்ரூகூடத் தேவைப்படவில்லை. உள்ளே கொக்கி போட்ட பிளாஸ்டிக். பழைய ஏடிஎம் கார்டை இடுக்கில் விட்டு மெல்ல நெம்பினால் பிளந்துகொள்ளும். ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினால் ஓரம் நசுங்கிவிடும், பிறகு மூடினாலும் அசிங்கமாக இருக்கும். உள்ளே பெரிய எதிர்பார்ப்போடு பார்த்தால் கையகலத்தில் பாதிகூட இல்லாத ஒரு போர்டு, அதன் நடுவே சிப்பை மூடிய கறுப்புத் தார் உருண்டை. மீதி இடம் எல்லாம் காலி.

பட்டைகளை போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு கேசட்டில் மட்டும் தங்க முலாம், அதுவும் பேருக்கு. மீதி நான்கில் வெள்ளீயப் பூச்சு, மங்கிச் சாம்பலாகி இருந்தது. எங்கே பூச்சு போயிருக்கிறதோ அங்கே செம்பு கறுத்துக் கிடந்தது.

சுத்தம் செய்ய நான் கடைசியில் வந்து நின்ற முறை இது. முதலில் ஈரமில்லாத பிரஷ்ஷால் தூசி தட்ட வேண்டும். பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹால், 99 சதவீதம் என்று எழுதியிருப்பது. மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தண்ணீர் இருக்கும், காய நேரமாகும். கொரோனா காலத்தில் மிஞ்சிய சானிடைசரைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். கையை வறட்டாமல் இருக்க அதில் கிளிசரின் சேர்த்திருப்பார்கள், அது பட்டைமேல் படிந்துகொள்ளும். பழைய வேட்டித் துணியை விரலில் சுற்றி, ஆல்கஹாலில் நனைத்து, பட்டையின் நீளவாக்கில் மட்டும் துடைக்க வேண்டும். குறுக்கே துடைத்தால் ஒரு பட்டையின் அழுக்கு அடுத்த இடுக்கில் போய் உட்காரும். துணி கறுப்பாவது நிற்கும் வரை துடைக்க வேண்டும். எனக்கு ஒரு கேசட்டுக்கு ஏழெட்டு முறை ஆனது. அதற்கு மேலும் கறை இருந்தால் மட்டும் பள்ளிக்கூடத்து வெள்ளை ரப்பர், லேசாக, இரண்டு மூன்று இழுப்பு. மை அழிக்கிற கரகரப்பான ரப்பர் கூடாது, அதில் இருப்பது மணல் மாதிரி. ரப்பர் போட்டதும் திரும்ப ஒருமுறை ஆல்கஹாலில் துடைத்துத் துகளை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் அந்தத் துகள் நேரே மெஷின் வாய்க்குள் போகும்.

இதைச் சொல்கிற நான் 1998இல் செய்த காரியம் வேறு. சர்க்கஸ் கேசட் ஓடவில்லை என்று உப்புத்தாள் எடுத்து அடிப்பக்கத்தைப் பளபளவென்று தேய்த்துவிட்டேன். உடனே ஓடியது! வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அடுத்த மாதமே முன்பைவிட மோசமாகிவிட்டது. பூச்சுதான் செம்பைக் காற்றிலிருந்து காப்பாற்றுகிறது. அதைச் சுரண்டி எடுத்தால் வெறும் செம்பு உப்புக் காற்றுக்கு நேரே முகம் காட்டும். கறுக்கும், திரும்பத் தேய்ப்பேன், இன்னும் மெலியும். இரண்டு மூன்று பட்டைகள் பாதிக்கு மேல் காணாமலே போய்விட்டன.

அப்பாவும் சளைத்தவர் இல்லை. கதவு கிரீச்சிட்டாலும் மின்விசிறி முனகினாலும் அவரிடம் ஒரே மருந்துதான், தையல் மெஷின் எண்ணெய். கேசட் சொருகும் வாயிலும் நாலு சொட்டு விட்டிருக்கிறார். எண்ணெயும் தூசியும் சேர்ந்து உள்ளே ஒரு களி உருவாகியிருந்தது. அதை எடுக்கத் தினசரி காலண்டர் அட்டையைக் கேசட் அகலத்துக்கு வெட்டி, துணி சுற்றி, ஆல்கஹாலில் நனைத்துச் சொருகிச் சொருகி எடுத்தேன். பஞ்சு வைக்காதீர்கள், இழை பின்னில் மாட்டிக்கொள்ளும். வெளியே வந்த நிறத்தைப் பார்த்தால் காபி வடிகட்டிய துணி தோற்றுவிடும்.

எல்லாம் காய்ந்தபின் சொருகினேன். நல்ல கேசட் ஓடியது. மற்ற ஆறில் இரண்டு, மனசிருந்தால் ஓடின. நான்கு ஓடவே இல்லை.

இங்கேதான் நான் நிறுத்தி அண்ணாச்சி சொன்னபடி செய்தேன். ஒரு நோட்டில் ஆறு கேசட்டையும் எழுதி, ஒவ்வொன்றிலும் திரையில் என்ன தெரிகிறது என்று குறித்தேன். டேங்க்: சாம்பல், சத்தமில்லை. மரியோ: பாட்டு உண்டு, நெட்டுக் கோடு. கார் ரேஸ்: பாட்டு உண்டு, நெட்டுக் கோடு, அதே இடைவெளி. சர்க்கஸ்: படம் சுத்தம், சத்தமில்லை. இப்படியே போனது. மரியோவுக்கும் கார் ரேஸுக்கும் ஒரே நோய். இரண்டு கேசட்டில் ஒரே பட்டை தற்செயலாகக் கெட்டுப்போகுமா? அப்படியானால் கோளாறு கேசட்டில் இல்லை, மெஷினில்.

மல்டிமீட்டரை, அதன் இரண்டு முனைக்கும் நடுவே இணைப்பு இருந்தால் பீப் அடிக்கிற நிலையில் வைத்து, கவர் இல்லாத மரியோ போர்டை மெஷினில் சொருகி, கரன்ட் இல்லாமல், ஒவ்வொரு பட்டையாகச் சோதித்தேன். ஒரு முனை கேசட் பட்டையின் மேல்பகுதியில். இன்னொரு முனை முதலில் மெஷின் போர்டின் அடியில் தெரியும் பின்னின் கால் நுனியில். பிறகு அந்தக் கால் போய்ச் சேரும் தடத்தில். இந்த இரண்டு இடத்தையும் தனித்தனியாகத் தொடுவதுதான் முக்கியம். காலில் பீப் அடித்து, தடத்தில் அடிக்காவிட்டால் நடுவில் இருக்கும் ஈயம் விட்டிருக்கிறது. காலிலேயே அடிக்காவிட்டால் பின் கேசட்டைப் பிடிக்கவில்லை.

இரண்டும் இருந்தது.

படப் பாதியின் ஓரத்தில் மூன்று கால்களில் டிரை சால்டர், அதாவது ஈயம் காலை விட்டுப்போன இணைப்பு. லென்ஸ் வைத்துப் பார்த்தால் காலைச் சுற்றி மோதிரம் போட்ட மாதிரி மெல்லிய கறுப்பு வட்டம். அத்தனை வருடம் கேசட்டை அமுக்கிப் பிடித்த விசை எல்லாம் அந்த ஈயத்தில்தான் இறங்கியிருக்கிறது. அமுக்கினால் விரிசல் மூடும், ஓடும், விட்டால் திறக்கும். குணப்படுத்துகிறோம் என்று நினைத்து நாங்களே புண்ணைக் கிளறியிருக்கிறோம். சால்டரிங் பேஸ்ட் தடவி, பழைய ஈயத்தை உருக்கிப் புதிதாகக் கொஞ்சம் சேர்த்தேன். மூன்றோடு நிற்காமல் 60 காலுக்கும் அதையே செய்தேன். அரை மணி நேர வேலை, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்தால் போதும். மரியோவின் நெட்டுக் கோடு போய்விட்டது. இந்த நகல் மெஷின்களில் அமுக்கினால் மட்டும் ஓடும் என்று யாராவது கொண்டுவந்தால் இப்போதெல்லாம் நான் முதலில் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைத்தான் பார்க்கிறேன்.

மீதி இருந்தது, காலிலேயே ஒரு சமயம் பீப் அடித்து ஒரு சமயம் அடிக்காத பதினோரு பின். விசித்திரம் என்னவென்றால் 9999999 கேசட்டின் போர்டைச் சொருகினால் 60இலும் அடித்தது. அப்போதுதான் சந்தேகம் வந்து இரண்டு போர்டின் தடிமனையும் வெர்னியர் அளவுகோலில் அளந்தேன். மரியோ 1.2 மில்லிமீட்டர். நல்ல கேசட் 1.6.

ஃபேமிகாம் கேசட் போர்டின் சரியான தடிமன் 1.2தான். 1.6 என்பது பொதுவாக எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கெல்லாம் மலிவாகக் கிடைக்கும் போர்டு. செலவைக் குறைக்க எவனோ அதிலேயே அடித்துவிட்டான். தடியான போர்டு பின்களை வலுக்கட்டாயமாக விரிக்கும். ஸ்பிரிங்குக்கும் ஓர் எல்லை உண்டு; அதைத் தாண்டி விரித்தால் திரும்பி வராது. எங்கள் வீட்டில் எப்போதும் ஓடுகிறது என்பதற்காக அந்தக் கேசட்டை மெஷினிலேயே மாதக்கணக்கில் சொருகி வைத்திருப்போம். பிறகு மெல்லிய போர்டு எப்படி ஒட்டும்? தொளதொளவென்று நிற்கும். போதாக்குறைக்கு அந்தப் போர்டின் நுனி வெட்டிய வாக்கில் கூராக இருந்தது. ஒழுங்கான போர்டின் நுனியை இரண்டு பக்கமும் சாய்வாகச் சீவியிருப்பார்கள், பின் வழுக்கி ஏறுவதற்காக. இது ஒவ்வொரு தடவையும் பின்னைச் சுரண்டிக்கொண்டே உள்ளே போயிருக்கிறது.

தையல் ஊசியால் பின்களை ஒவ்வொன்றாக உள்பக்கம் வளைத்தேன், அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக. மேசை விளக்கு, லென்ஸ், மூச்சைப் பிடித்துக்கொண்டு. ஒன்பது பின் சரியாக வந்தது. பத்தாவது, ஒரே ஒரு தடவை கூடுதலாக நெம்பியதில், முறிந்துவிட்டது. அன்றைக்கு அத்தோடு எழுந்து போய்விட்டேன்.

புதிய 60 பின் கனெக்டர், அதாவது கேசட் சொருகும் வாய், தேடிச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் நான் ஏறி இறங்கிய கடைகளில் கிடைக்கவில்லை. ஒரு கடைக்காரர் 72 பின் கனெக்டரைக் காட்டி, “ஓரத்துல வெட்டிப் போடுங்க சார், அதேதான்” என்றார். அதே இல்லை. 72 பின் என்பது அமெரிக்காவில் விற்ற மாடலுக்கு உரியது. அதில் பின்னுக்குப் பின் இடைவெளி 2.50 மில்லிமீட்டர், ஃபேமிகாமில் 2.54. 0.04தானே என்று தோன்றும். 30 பின் வரிசையில் 29 இடைவெளி. கடைசிப் பின்னுக்கு வரும்போது ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தள்ளிவிடும், பக்கத்துப் பட்டையைத் தொடும். நல்லவேளை அளந்து பார்த்தேன். பிறகு ஆன்லைனில் சரியானது வந்தது.

பழைய கனெக்டரைக் கழற்றுவதுதான் இந்த வேலையிலேயே கொடுமையானது. 60 காலின் ஈயத்தையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். ஒன்று மிச்சம் இருந்தாலும் வராது, இழுத்தால் போர்டின் தடம் கையோடு வந்துவிடும். எனக்கு ஒரு தடம் வந்தது. மெல்லிய ஒயர் வைத்து ஒட்டினேன். இப்போது செய்தால் கனெக்டரைக் காப்பாற்ற நினைக்க மாட்டேன்: பிளாஸ்டிக்கைக் கட்டரால் துண்டு துண்டாக வெட்டி எடுத்துவிட்டு, காலை ஒவ்வொன்றாக உருக்கி உருவுவேன். கெட்டுப்போன பாகத்துக்காக நல்ல போர்டைப் பணயம் வைத்தது என் முட்டாள்தனம்.

இதற்கு நேர் எதிரான கதை, நண்பன் ஒருவன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த அசல் நிண்டெண்டோ என்ஈஎஸ், ஃபேமிகாமின் அமெரிக்க மாடல். 1983இல் அமெரிக்காவில் வீடியோ கேம் வியாபாரமே படுத்துவிட்டது. கடைக்காரர்கள் அந்த வார்த்தையைக் கேட்டாலே முகம் திருப்பிய நேரம். அதனால் 1985இல் நியூயார்க்கில் இதை இறக்கியபோது விளையாட்டுச் சாமான் மாதிரித் தெரியக் கூடாது என்று வீடியோ கேசட் ஓட்டும் விசிஆர் போல வடிவமைத்தார்கள். கேசட்டை முன்னால் கதவு திறந்து தள்ளி, கீழே அமுக்க வேண்டும். பார்க்க அழகு, பின்களுக்கு ஆகாது. ஒவ்வொரு அமுக்கலிலும் பின் வளைந்து நிமிர்ந்து சோர்ந்துவிடும்.

நண்பனின் புகார்: “சிவப்பு லைட் மினுக்கு மினுக்குன்னு மினுக்குதுடா, பவர் சப்ளை போச்சு போல.” பவர் சப்ளை இல்லை. அந்த மெஷினிலும் கேசட்டிலும் ஆளுக்கு ஒரு பூட்டுச் சிப் இருக்கிறது. இரண்டும் பேசி ஒத்துப்போனால்தான் ஆட்டம் தொடங்கும். பேச்சு தடைப்பட்டால் மெஷின் வினாடிக்கு ஒரு முறை தன்னைத்தானே ரீசெட் செய்துகொண்டே இருக்கும், விளக்கு மினுக்கும். லூஸ் காண்டாக்டைத் திருட்டுக் கேசட் என்று நினைத்துக்கொள்கிறது, பாவம்.

இதில் கனெக்டருக்கு ஈயமே கிடையாது. மெயின் போர்டின் ஓரத்தில் சும்மா சொருகியிருக்கும். அதனால் கழற்றுவது சுலபம். பலர் கேசட் பக்கத்தை மட்டும் சுத்தம் செய்துவிட்டு மெயின் போர்டு ஓரத்தை மறந்துவிடுகிறார்கள். நண்பனுடையதில் அழுக்கு முழுக்க அங்கேதான். கனெக்டரைக் கழற்றி, பால் காய்ச்சும் பாத்திரத்தில் பத்து நிமிடம் கொதிக்க வைத்தோம் (அந்தப் பாத்திரம் அதோடு அவன் பட்டறைக்குப் போய்விட்டது). கொதித்தால் ஸ்பிரிங் நிமிரும் என்று சிலர் சொல்வதை நான் நம்பவில்லை, 100 டிகிரியில் அந்த உலோகத்துக்கு ஒன்றும் ஆகாது. பழைய பிசுக்கு கழல்வதுதான் பலன். முழுக்கக் காய்ந்தபின் ஒரு நல்ல கேசட்டை இருபது முறை சொருகி எடுத்தோம். மினுக்கல் நின்றுவிட்டது. மெஷினில் உள்ள பூட்டுச் சிப்பின் 4ஆவது காலை வெட்டி போர்டின் கிரவுண்டோடு இணைத்தாலும் மினுக்கல் நிற்கும், நிறையப் பேர் அதைச் செய்கிறார்கள். ஆனால் காண்டாக்ட் கெட்டிருந்தால் மினுக்கலுக்குப் பதில் குப்பைப் படம் வரும், அவ்வளவுதான். அசலை வெட்ட எனக்கு மனம் வரவில்லை.

காண்டாக்ட் கோளாறு மாதிரி நடிக்கிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டு மெஷின், ஓடிக்கொண்டிருக்கும்போதே தானாக ரீசெட் ஆகும், படத்தில் அகலமான பட்டை மெதுவாக மேலே ஏறும், சத்தத்தில் ஒரு உறுமல். இரண்டு வாரம் கேசட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அடாப்டரில் கெபாசிட்டர் காய்ந்துவிட்டது. உள்ளே 7805 என்ற மூன்று கால் ஐசிதான் 5 வோல்ட் தருகிறது. அதற்கு உள்ளே 7 வோல்ட்டாவது தொடர்ந்து வந்தாக வேண்டும். மெஷின் ஓடும்போது அதன் வெளிவாயில் 5 வோல்ட் நிலையாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேசட்டில் கை வைத்தால் நேரம் மிச்சம். வேறு அடாப்டர் மாற்றும்போது பிளக்கின் நடு முனை எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அசல் ஃபேமிகாமில் நடுமுனை மைனஸ், இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலானவற்றில் பிளஸ். அப்புறம், சுவிட்சை அணைக்காமல் கேசட்டை உருவும் பழக்கம், எல்லா வீட்டிலும் இருந்தது, அதை இப்போதாவது விட்டுவிடுங்கள். தேய்ந்த பட்டைக்கு மாற்றுவழி உண்டு, செத்த சிப்புக்குக் கிடையாது.

இப்போது மெஷின் தூத்துக்குடியில் அம்மா வீட்டில் இருக்கிறது. ஆறு கேசட்டும் முதல் சொருகலில் ஓடுகின்றன. 9999999ஐ நூல் போட்டுக் கட்டி, அட்டைப் பெட்டியில் அடியில் வைத்திருக்கிறேன். அக்கா மகன் அதில்தான் நிறைய ஆட்டம் இருக்கிறது என்று ஒவ்வொரு லீவுக்கும் கேட்கிறான்.

சர்க்கஸ் கேசட்டில் மட்டும் சத்தம் வரவில்லை. நான் உப்புத்தாளால் தேய்த்ததில் 46ஆவது பட்டை போய்விட்டது. மெஷினுக்கு அடியில் 45ஐயும் 46ஐயும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டால் கேசட்டின் தயவே வேண்டாம், ஐந்து நிமிட வேலை. சால்டரிங் அயனைச் சூடு போட்டுவிட்டு மெஷினைத் திருப்பினேன். டிவிக்கு எதிரே கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலை நிமிராமல் சொன்னாள்:

“அதை அப்படியே விடுல. இருக்கிறதுல இது ஒண்ணுதான் உருப்படியான கேசட்டு.”